காதுக்குப் பத்து வயது, கண்ணுக்கு ஏழு வயது

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷில் 200 பக்கப் புத்தகத்தை இரண்டே நாளில் முடித்துவிடுகிறாள். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால் நாலு வரி படித்துவிட்டு மூடிவிடுகிறாள். ஒவ்வொரு வருடமும் தமுக்கம் புத்தகத் திருவிழாவில் நல்ல கருத்துள்ள கதைகளாகப் பார்த்து வாங்கி வருகிறேன். எல்லாம் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. ‘முதலில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை முடி, அப்புறம்தான் அடுத்த இங்கிலீஷ் புத்தகம்’ என்று விதி போட்டுப் பார்த்தேன். வீட்டில் சண்டைதான் மிச்சம். என் மாமியார் கதை சொன்னால் மட்டும் சாப்பாட்டை மறந்து கேட்கிறாள். அவரையே புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னால், கண்ணாடி பவர் மாறிவிட்டது, எழுத்து தெரியவில்லை என்கிறார். இந்த வயதுக் குழந்தைக்குப் பிடிக்கிற தமிழ்க் கதைப் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகளுக்குத் தமிழ் பிடிக்கவில்லை என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டி சொல்லும் கதையைச் சாப்பாட்டை மறந்து கேட்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டி தமிழில்தானே சொல்கிறார்?

இந்தக் குழந்தைக்குத் தமிழில் இரண்டு வெவ்வேறு வயது இருக்கிறது. காதுக்குப் பத்து வயது. திருடன் எப்படித் தப்பித்தான், ராஜா ஏன் பொய் சொன்னார், அந்தப் பெண் ஏன் அழவில்லை என்பதெல்லாம் கேட்டால் புரிகிறது. கண்ணுக்கு மட்டும் ஏழு வயதுதான். பள்ளியில் தினமும் ஒரு பீரியட் தமிழ், மற்ற எல்லாம் இங்கிலீஷ் என்று வளரும் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும். இப்போது கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கண்ணுக்கு ஏற்ற புத்தகத்தை எடுத்தால் முயலும் சிங்கமும் வருகிறது, அது அவளுக்குச் சின்னப் பிள்ளைக் கதை. வயதுக்கு ஏற்ற கதையை எடுத்தால் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. இங்கிலீஷில் ஓடிப் பழகியவள் தமிழில் தவழ வேண்டியிருக்கிறது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமும் இருக்கலாம். நாலு வரியில் மூடிவிடுவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை என்றே நினைக்கிறேன்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். தெரியாத சொல்லில் அவர்கள் அவ்வளவாகத் தடுக்குவதில்லை. கதை நன்றாக இருந்தால் தெரியாத சொல்லைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவார்கள். தடுக்குவது சேர்த்து எழுதப்பட்ட நீளச் சொற்களில்தான். ‘மரத்தினடியிலமர்ந்திருந்தான்’ என்று அச்சாகியிருந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். ‘மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்’ என்று இருந்தால் அடுத்த வரிக்குப் போய்விடும். விஷயம் ஒன்றுதான், ஆனால் ஒரு புத்தகத்தை மூடவைப்பதற்கு இப்படிப்பட்ட பத்துச் சொற்கள் போதும். நம் பழைய சிறுவர் புத்தகங்களில் இது அதிகம். சில புதிய மொழிபெயர்ப்புகளிலும் பார்க்கிறேன்.

அதனால் புத்தகம் வாங்கும்போது அட்டையையும் பின்னட்டையையும் பார்த்தது போதும். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து மகள் கையில் கொடுத்து, அரைப் பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அது அவள் தனியாகப் படிக்கும் புத்தகம் இல்லை. கதை நன்றாக இருந்தால் வாங்கலாம், ஆனால் நீங்கள் படித்துக் காட்டுவதற்காக. இந்த இரண்டு வகையையும் மனதில் தனித்தனியாக வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். எழுத்தின் அளவும் வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் முக்கியம். பக்கம் முழுக்க அடைத்து அச்சடித்த புத்தகம் எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் இந்த வயதில் தோற்றுப்போகும்.

அதே பக்கத்தில் பிள்ளைகள் பேசும் இடத்தையும் கவனியுங்கள். ‘அம்மா, நான் விளையாடச் செல்லட்டுமா?’ என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் கேட்பதில்லை. ‘விளையாடப் போகட்டுமா?’ என்று இருந்தால் கதைக்கு உயிர் வந்துவிடுகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதப்பட்ட உரையாடல் சில பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். ‘போயிட்டு வந்துர்றேன்’ என்று தினமும் சொல்கிற குழந்தை, அதை எழுத்தில் பார்த்ததே இல்லை. பாடப் புத்தகத்தில் அப்படி வராது. அதை ஒருமுறை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டினால் போதும், ‘அட, இது நாம பேசுறதுதானே’ என்று பிடித்துக்கொள்வார்கள்.

சரி, எந்தக் கதை பிடிக்கும்? ‘நல்ல கருத்துள்ள கதைகளாகப் பார்த்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பாட்டி எந்தக் கதைகளைச் சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. தெனாலிராமனும் விக்கிரமாதித்தனும் அவற்றில் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தெனாலிராமன் ராஜாவையே ஏமாற்றுகிறான், மாட்டிக்கொள்கிறான், மறுபடி தப்பிக்கிறான். வேதாளம் கதையைச் சொல்லிவிட்டு, தீர்ப்பு என்ன என்று கேட்கிறது. இவை இத்தனை தலைமுறை தாண்டி வந்ததற்குக் காரணம் அடுத்து என்ன ஆகும் என்கிற தவிப்பு. கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு ‘நீதி’ அச்சடித்த புத்தகத்தில் அந்தத் தவிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. முடிவு என்னவென்று பிள்ளைக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் கதையில் தேடுவது தங்களைப் போன்ற ஒரு ஆளை. அவர்களைவிட ஒன்றிரண்டு வயது பெரிய பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பிள்ளையே முடிவெடுக்க வேண்டும், தப்பு செய்ய வேண்டும், அதைத் தானே சரி செய்ய வேண்டும். பெரியவர்கள் ஊருக்குப் போயிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம், நம்பாமல் இருக்கலாம். சிக்கலைத் தீர்த்துவைக்க அப்பாவோ டீச்சரோ வந்துவிட்டால் கதை அங்கேயே செத்துப்போகிறது. அப்புறம் அத்தியாயங்கள் சின்னதாக இருக்க வேண்டும். நாலைந்து பக்கத்தில் ஒரு அத்தியாயம் முடிந்து, முடியும் இடத்தில் ஒரு கதவு திறந்தோ மூடியோ இருந்தால், தமிழில் மெதுவாகப் படிக்கும் குழந்தைக்கும் ‘ஒன்றை முடித்துவிட்டேன்’ என்ற தெம்பு வரும்.

சில பெயர்களைச் சொல்கிறேன். உங்கள் ஊருக்குப் பொருத்தமான ஒன்றிலிருந்தே தொடங்கலாம். உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ என்ற சிறுவர் நாவலுக்கு 2023-இல் சாகித்ய அகாதமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. கதை நடக்கும் இடம் கீழடி. ஆதன் என்பது அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருந்த பெயர்களில் ஒன்று. மதுரைப் பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு கதைக்களம் கிடைக்காது. பாதிப் புத்தகம் படித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 2023 மார்ச்சிலிருந்து திறந்திருக்கிறது. முழுவதும் முடித்த பிறகு போவதைவிடப் பாதியில் போவது நல்லது. மீதிப் பாதியை அவள் பார்த்துவிட்டு வந்த கண்ணோடு படிப்பாள்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் அதே விருதைப் பெற்றது. மரப்பாச்சி பொம்மை பேசுகிறது என்றதும் பிள்ளைகள் உள்ளே போய்விடுவார்கள். ஆனால் அது குழந்தைகள் மீதான பாலியல் தொல்லையைப் பற்றிய கதை. அதனால் நீங்கள் முதலில் படித்துவிட்டு, அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருக்கும்போது கொடுங்கள். பத்து வயது அதற்குச் சின்ன வயதில்லை என்பது என் எண்ணம்.

படித்துக் காட்டுவதற்கு என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது ‘டோட்டோ-சான்’. ஜப்பானில் 1981-இல் வந்தது, டெட்சுகோ குரோயாநாகி எழுதியது. தமிழிலும் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. நாவல் என்று சொல்ல முடியாது, அவர் தன் பள்ளிக்கூட நாட்களைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் பிள்ளைகள் அதைக் கதையாகத்தான் கேட்கிறார்கள். ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் பள்ளி அது. முதல் நாள் அந்தச் சின்னப் பெண் பேசுவதைத் தலைமை ஆசிரியர் நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். அந்த இடத்தை வாசிக்கும்போது எங்கள் நூலகத்தில் ஒரு பையன் எழுந்து, ‘நாலு மணி நேரமா? நடுவுல திட்டவே இல்லையா?’ என்று கேட்டான். அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருப்பதால், நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து அவளே தொடர்வது சுலபம்.

பால சாகித்ய புரஸ்கார் 2010-இலிருந்து தமிழுக்கும் கொடுக்கப்படுகிறது, பெரும்பாலும் ஒரு புத்தகத்துக்கு, சில வருடங்களில் ஓர் எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்கு. தேட அது ஒரு நல்ல இடம். ஆனால் அதில் பாட்டும் சிறுகதையும் கலந்து வரும், தேர்வு செய்பவர்களும் பெரியவர்களே. அதனால் விருது பெற்ற புத்தகத்துக்கும் அந்த அரைப் பக்கச் சோதனை உண்டு. தமிழில் மெதுவாகப் படிப்பவளுக்குக் கண்ணுக்குப் பழக்கம் ஏற, அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்துக்காக அச்சான சின்னச் சின்னப் புத்தகங்களும் உதவும். ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த நாலு சொல்லே எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் தெருவில் அரசுப் பள்ளியில் படிக்கும் தோழி இருந்தால் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காமிக்ஸை ஒதுக்க வேண்டாம். 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்துத் தமிழில் வேகம் பிடித்தவர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு வரி, பக்கத்தில் படம். தடுக்கினாலும் கதை நழுவாது. மெதுவாகப் படிக்கும் கண்ணுக்கு இதைவிட இதமான பயிற்சி எனக்குத் தெரியாது.

இப்போது அந்த விதி. ‘ஒரு தமிழ்ப் புத்தகம் முடித்தால்தான் இங்கிலீஷ் புத்தகம்’ என்பதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கசப்பு மருந்தைக் குடித்தால் மிட்டாய் தருவேன் என்று சொல்லும்போது, எது மருந்து எது மிட்டாய் என்பதை நாமே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். தமிழைத் தண்டனை வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அதன்மேல் ஆசை வரவில்லையே என்று வருந்த முடியாது. இங்கிலீஷில் அவள் ஓடட்டும். கதை எப்படி நகரும் என்ற பழக்கம் அங்கே கிடைக்கிறது, அது தமிழ் படிக்கும்போதும் கைகொடுக்கும்.

விதிக்குப் பதிலாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் மூன்று அத்தியாயத்தைப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கதையில் வரும் ஆட்களும் ஊரும் அவள் காதுக்குப் பழகிவிடும். மூன்றாவது அத்தியாயத்தில் பரபரப்பான இடத்தில், ‘தூக்கம் வருது, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அவள் தலைமாட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாராவாரம் தொடர்கதை வந்த காலத்தில் பத்திரிகைகள் செய்தது இதைத்தான். காலையில் பக்கத்துக்கு அடையாளமாக வைத்த அட்டை இரண்டு பக்கம் நகர்ந்திருந்தால் கவனிக்காதது போல இருந்துவிடுங்கள். என்ன புரிந்தது, கதை என்ன சொல்கிறது, சுருக்கமாக எழுது என்றெல்லாம் கேட்காதீர்கள். பிடிக்கவில்லை என்று பாதியில் வைத்தால் வைக்கட்டும். நீங்களும் எத்தனையோ புத்தகங்களைப் பாதியில் வைத்திருப்பீர்கள்.

பாதியில் வைக்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்துக்குத் தர நமக்கு மனசு வராது. அதற்குத்தான் நூலகம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை கூட்டிப் போய் விட்டுவிட்டு, நீங்கள் தள்ளி உட்கார்ந்து உங்களுக்குப் பிடித்ததைப் படியுங்கள். அவள் எந்தப் புத்தகத்தை எடுக்கிறாள், எதை உடனே வைக்கிறாள், எதோடு தரையில் உட்கார்ந்துவிடுகிறாள் என்பதை மட்டும் பாருங்கள். அடுத்த புத்தகத் திருவிழாவில் என்ன வாங்குவது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மாமியாரைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அந்த ராத்திரி 15 நிமிடத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் வீட்டில் இல்லை.