ஸ்பெயின் 333 ஆண்டுகள் ஆண்டும் பிலிப்பைன்ஸில் ஏன் யாரும் ஸ்பானிஷ் பேசுவதில்லை?

மணிலாவில் வேலை கிடைத்தபோது எனக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை. பேசுவார்கள் என்றே நம்பிவிட்டேன். நாட்டின் பெயரே ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்பின் பெயர். ஆட்களின் பெயரைப் பார்த்தால் சாந்தோஸ், கார்சியா, ரெயெஸ். வேறென்ன வேண்டும்? இரண்டு மாதம் கைபேசிச் செயலியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு விமானம் ஏறினேன். போன முதல் வாரமே தெரிந்துவிட்டது, தெருவில் பேசுவது தகலோக், அலுவலகத்தில் ஆங்கிலம். படித்தது வீணாய்ப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, வம்பில் மாட்டிவிட்டது.

வாடகை வீடு காட்ட வேண்டிய தரகரிடம் இரண்டு மணிக்கு வருவீர்களா என்று கேட்டேன். "சிகூரோ, ஆலஸ் தோஸ்" என்றார். ஸ்பானிஷில் செகூரோ என்றால் நிச்சயம். ஆகா, நிச்சயம் இரண்டு மணிக்கு என்கிறார் என்று போய் நின்றேன். நாலு மணி வரை நின்றேன். மறுநாள் கூட வேலை செய்தவர்களிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தகலோகில் சிகூரோ என்றால் 'ஒருவேளை'. கடல் தாண்டி வந்ததில் சொல் மட்டும் தங்கிவிட்டது, அதிலிருந்த உறுதி கழன்றுவிட்டது.

கேள்விக்கு வருகிறேன். ஸ்பெயின் அங்கே இருந்த காலத்தில் பெரும்பகுதி, மக்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கவே இல்லை. 1565இல் லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி செபு தீவில் இறங்கியது ஸ்பெயினிலிருந்து நேராக வந்து அல்ல, மெக்சிகோவிலிருந்து. 1821 வரை நிர்வாகமும் மெக்சிகோ வழியாகத்தான். மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் நடுவே வருடத்துக்கு ஒன்றிரண்டு கப்பல், அவ்வளவுதான் தொடர்பு. அவ்வளவு தூரம் வந்து குடியேறியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் பெரும்பாலும் மணிலாவில் இன்ட்ராமுரோஸ் கோட்டைச் சுவருக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். கிராமத்தில் இருந்த ஒரே ஸ்பானியர் பல இடங்களில் பாதிரியார்தான்.

அந்தப் பாதிரியார் ஊருக்கு ஸ்பானிஷ் கற்றுத்தருவதற்குப் பதில், ஊர்மொழியைத் தான் கற்றுக்கொண்டார். 1593லேயே மணிலாவில் தகலோகில் ஞானோபதேச நூல் அச்சாகிவிட்டது. மக்களுக்கு ஸ்பானிஷ் கற்பியுங்கள் என்று அரசரின் ஆணை அவ்வப்போது வரும், வந்த வேகத்தில் அலமாரிக்குள் போகும். ஆசிரியர் இல்லை, பணம் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் படுவது வேறு. அரசாங்கத்துக்கும் குடியானவனுக்கும் நடுவே பேசத் தெரிந்த ஒரே ஆள் பாதிரியார். குடியானவன் நேரடியாகப் பேச ஆரம்பித்தால் நடுவில் நிற்பவருக்கு என்ன மரியாதை?

ஊருக்கு ஊர் பள்ளி திறந்து ஸ்பானிஷில் பாடம் நடத்த வேண்டும் என்ற சட்டம் 1863இல்தான் வந்தது. வந்து 35 வருடத்தில் ஆட்டம் முடிந்தது. 1898இல் ஸ்பெயின் தோற்று, 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு நாட்டையே அமெரிக்காவிடம் கொடுத்துவிட்டது. 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். அடுத்த தலைமுறை ஆங்கிலம் பேசியது.

"அப்போ மெக்சிகோ மட்டும் எப்படி?" என்று கேட்பீர்கள். விடுதலை பெற்ற சமயத்தில் மெக்சிகோவிலும் மக்களில் பெரும்பகுதி நாவாட்டல், மாயா என்று சொந்த மொழி பேசியவர்கள்தான். அங்கே ஸ்பானிஷைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது ஸ்பெயின் அல்ல, விடுதலைக்குப் பிறகு வந்த சொந்த அரசும் அதன் பள்ளிகளும். பிலிப்பைன்ஸில் அந்த வேலையைச் செய்ய ஒரு சொந்த அரசு தயாராகத்தான் இருந்தது. 1899இல் மலோலோஸ் நகரில் எழுதிய அரசியல் சட்டம் ஸ்பானிஷில்தான். அந்த வருடமே தேசிய கீதத்துக்கு எழுதிய வரிகளும் ஸ்பானிஷ். ஸ்பெயினை எதிர்த்து நாவல் எழுதிச் சுட்டுக்கொல்லப்பட்ட ஹோசே ரிசால் எழுதியதும் ஸ்பானிஷில்தான். அந்த மலோலோஸ் அரசை அமெரிக்கா நிலைக்க விடவில்லை. இன்றைக்கு தங்கள் தேசத் தலைவர் ரிசாலின் கடைசிக் கவிதையை அவர்களே மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறார்கள். கல்லூரியில் கட்டாய ஸ்பானிஷ் பாடமும் 1987இல் போய்விட்டது.

பெயர் விஷயம்: 1849இல் கிளவேரியா என்ற ஆளுநர், வரி வசூலுக்குக் குழப்பமாக இருக்கிறதென்று குடும்பப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார். அதிலிருந்து எடுத்துக்கொண்டவைதான் பல பெயர்கள். பெயரை வைத்து ஸ்பானிய ரத்தம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம், நான் ஏமாந்தது போல.

சரி, ஸ்பானிஷ் சுத்தமாகப் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. ஜீப்னி என்கிற ஊர் வண்டியிலிருந்து இறங்க "பாரா!" என்று கத்த வேண்டும், 'நிறுத்து' என்ற ஸ்பானிஷ் சொல். நலம் விசாரிக்கும் 'குமுஸ்தா' அங்கிருந்து வந்தது. மெசா என்றால் மேசை. நம்முடையது போர்த்துகீசியர் கொண்டுவந்தது, அவர்களுடையது ஸ்பானியர் கொண்டுவந்தது. வெங்காயம் சிபுயாஸ். அது ஸ்பானிஷில் பன்மை, இவர்கள் ஒற்றை வெங்காயத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். தெற்கே சாம்போவாங்கா நகரில் ஒரு கலப்பு மொழியே உண்டு, சவகானோ. 1635இல் கட்டிய கோட்டையைச் சுற்றி வளர்ந்தது. "தோந்தே து தா அந்தா?" என்றால் எங்கே போகிறாய். சொல்லெல்லாம் ஸ்பானிஷ், ஆனால் வினைச்சொல்லை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றும் தொல்லை இல்லை. செயலியில் அந்தத் தொல்லையோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு அந்த மொழி மேல் தனிப் பிரியம்.

எனக்கு மிகவும் பிடித்தது கடலைக்காரம்மாவின் கணக்கு. அலுவலக வாசலில் பூண்டு போட்டு வறுத்த கடலை விற்பார். பொட்டலத்தை எண்ணும்போது இசா, தலாவா, தத்லோ என்று தகலோக். விலை சொல்லும்போது மட்டும் பெய்ந்தே, சிங்க்வெந்தா என்று ஸ்பானிஷ், இருபது, ஐம்பது. பணமும் கடிகாரமும் ஸ்பானியர் கணக்கு, மற்றதெல்லாம் பாட்டன் பூட்டன் கணக்கு.

அந்தக் கடலைக்கு அங்கே பெயர் 'மானி'. கரீபியன் தீவுகளின் சொல்லை ஸ்பானியர் எடுத்து, தென் அமெரிக்காவின் பயிரோடு சேர்த்து பிலிப்பைன்ஸில் இறக்கியிருக்கிறார்கள். நான் விழுப்புரத்துக்காரன். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர், அதாவது மணிலாக்கொட்டை. விளைச்சலை விற்கும் கமிட்டியில் விலைப்பலகையிலேயே 'மணிலா' என்றுதான் எழுதுவார்கள். அப்பாவுக்கு போன் போட்டு இந்தக் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். கப்பல், மெக்சிகோ, ஸ்பெயின் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கிடக்கட்டும், அங்க மூட்டை என்ன விலைக்குப் போவுது?" என்றார்.