ஓதம் அடிக்கிற சுவரில் வால்பேப்பர்

கேள்வி: குளச்சல் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கட்டி மூன்று வருடமாகிறது. போன மாசியில் படுக்கையறையின் மேற்குச் சுவரில் வினைல் வால்பேப்பர் ஒட்டினோம். ஆடியில் ஜாயின்ட் விட்டு, ஓரம் சுருண்டு, பின்னால் கரும்புள்ளி பூத்துவிட்டது. கடைக்காரர் ஒட்டியவரைக் குறை சொல்கிறார், ஒட்டியவர் பேப்பரைக் குறை சொல்கிறார். தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் அதை மாற்றி, ஹாலிலும் உள்பக்கச் சுவர் ஒன்றில் (12 அடி அகலம், 11 அடி உயரம்) ஒட்ட ஆசை. எந்தக் கம்பெனி நல்லது? மூன்று ரோல் போதுமா?

பதில்: கடைக்காரரையும் ஒட்டியவரையும் கொஞ்சம் விட்டுவிடுங்கள். என் சந்தேகம் அந்த மேற்குச் சுவர் மேல்தான். நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. தென்மேற்கு மழை காற்றோடு வந்து நேராக அறைவது மேற்குச் சுவரைத்தான். வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலே தண்ணீர் இறங்கிவிடும். மாசியில் தொட்டுப் பார்த்தபோது சுவர் காய்ந்துதான் இருந்திருக்கும், அதை நம்பி ஒட்டியிருப்பார்கள். வினைல் என்பது பிளாஸ்டிக் தோல். ஓதம் அறைப்பக்கம் வெளியேற வழியில்லாமல் பேப்பருக்குப் பின்னாலேயே தங்கிவிடும். பசையோ பெரும்பாலும் மாவுப்பசை. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஹால் சுவரை முதலில் சோதித்துவிடுங்கள். இரண்டடி சதுரத்துக்கு பாலிதீன் சீட்டை வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சீட்டின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அங்கே எந்தப் பேப்பரும் வேண்டாம். வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே குறையும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள், அதுவும் சுவரில் ஈரம் இருப்பதன் அடையாளம்தான்.

அப்புறம், சுவரைச் சமனாக்கப் பூசும் பட்டியும் அதன் மேல் அடிக்கிற பிரைமரும். வேலை பழகிய புதிதில் தக்கலையில் ஒரு வீட்டில் பிரைமர் அடிக்காமல் பட்டி மேலேயே ஒட்டினேன். இரண்டே மாதத்தில் பட்டியும் பேப்பருமாக அப்பளம் போல உரிந்து வந்தது. வீட்டுக்காரர் பேப்பர் கம்பெனியைத் திட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதனால்தான் இந்த விஷயத்தில் கடைக்காரரோ ஒட்டியவரோ சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை.

ரோல் கணக்குக்கு வருவோம். வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம். சுமார் 57 சதுர அடி. உங்கள் சுவர் 132 சதுர அடி என்பதால் மூன்று போதும் என்கிறார்கள். ஆனால் பேப்பரைச் சதுர அடியாக ஒட்ட முடியாது, பட்டை பட்டையாகத்தான் ஒட்ட வேண்டும். 12 அடிக்கு ஏழு பட்டை வேண்டும். 11 அடி உயரத்தோடு மேலும் கீழும் வெட்ட நாலு அங்குலம் சேர்த்தால் ஒரு பட்டை கிட்டத்தட்ட 3.45 மீட்டர். ஒரு ரோலில் இரண்டுதான் தேறும், மீதி மூன்று மீட்டர் வீண். ஆக நான்கு ரோல். எட்டாவது பட்டை ரிப்பேருக்கு இருக்கட்டும்.

கம்பெனியைவிட வகையைப் பாருங்கள். ஹாலுக்கு நான்-வோவன் (நெய்யாமல் நாரை அழுத்திச் செய்த தாள்) வாங்குங்கள், ஆனால் மேலே வினைல் பூச்சு இல்லாததாக. அது கொஞ்சம் மூச்சு விடும். பசையைச் சுவரிலேயே தடவி ஒட்டலாம். பின்னால் ஸ்டிக்கர் போலிருக்கும் ரோல்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். கடற்காற்றுள்ள வீட்டில் அவற்றை நான் தொடமாட்டேன்.

ஒட்ட வருகிறவர் பையில் தூக்குக்குண்டோ ரசமட்டமோ இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மூலை எதுவும் நேராக இருக்காது. மூலையை நம்பி முதல் பட்டையை ஒட்டினால் ஏழாவது பட்டையில் டிசைன் சாய்ந்து நிற்கும். பிளேடு புதிதாக இருக்க வேண்டும். பூசணம் பிடிக்காத பசை கேளுங்கள். ஆசாரிமார் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையைக் கலக்க விடாதீர்கள், பின்னால் உரிக்கும்போது பட்டியும் பெயர்ந்து வரும்.

கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிக் கடைசியில் ஹாலை ஒட்டிக்கொள்ளலாம். படுக்கையறைப் பேப்பரை இப்போதே உரித்து, பூசணத்தைக் கழுவி, வெளி விரிசலைப் பூசி அடைத்துவிடுங்கள். சித்திரை வரை அது வெறுஞ்சுவராகவே கிடக்கட்டும். நிச்சயத்துக்கு வருகிறவர்கள் படுக்கையறைச் சுவரையா பார்க்கப் போகிறார்கள்?

நான்கு ரோலிலும் ஒரே லாட் நம்பர்தானா என்று கடையில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். மாறினால் நிறம் ஒரு மாற்றுக் குறையும். பிரித்த ரோலைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.