எதிரே பர்கர் கடை வந்தால்: துரித உணவுக் கடைக்காரர்களின் கேள்விகள்

எங்கள் கடைக்கு எதிரிலேயே பன்னாட்டு பர்கர் கடை திறந்துவிட்டார்கள். விலையைக் குறைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். 100 ரூபாய்க்கு விற்கும் சிக்கன் ரோலுக்குச் சரக்கும் பேக்கிங்கும் 45 ரூபாய் என்று வையுங்கள். கையில் நிற்பது 55. விலையை 80 ஆக்கினால் 35தான் நிற்கும். அதே பணத்தைப் பார்க்க, 100 ரோல் விற்ற இடத்தில் 158 விற்க வேண்டும். அதற்கு அடுப்பும் ஆளும் இருக்கிறதா?

மெக்டொனால்ட்ஸ் 2004-ல் இந்தியாவில் 20 ரூபாய் மெனு கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மலிவுப் பண்டம் ஆளை உள்ளே வரவைக்கத்தான். லாபம் கூடவே விற்கும் குளிர்பானத்திலும் ஃப்ரைஸிலும் வரும். நீங்களும் முழு மெனுவைத் தொடாமல், அளவு சிறிதான ஒரே ஒரு பண்டத்தை மட்டும் குறைந்த விலையில் வையுங்கள்.

உணவு டெலிவரி ஆப்பில் ஆர்டர் குவிகிறது. மாதக் கடைசியில் கல்லாவில் ஒன்றும் இல்லையே?

பலரும் சறுக்கும் இடம் இது. 200 ரூபாய் ஆர்டரில் 40 ரூபாய் தள்ளுபடியை நீங்கள் ஏற்கிறீர்கள், கமிஷன் 25 சதவீதம் என்று கொள்வோம். மீதி 160-ல் கமிஷன் 40. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 7.20. உணவகங்களுக்கான 5 சதவீத வரியில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதனால் இந்த 7.20 திரும்பி வராது. கைக்கு வருவது 112.80. சரக்கு, பார்சல் டப்பா எல்லாம் 100 ஆனால் மிஞ்சுவது 12.80. வாடகை, சம்பளம், காஸ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்! தள்ளுபடியை நிறுத்தினாலே மிச்சம் 41 ஆகும்.

இன்னொன்று: ஆப் வழியாக விற்கும் உணவுக்கான 5 சதவீத வரியை 2022 ஜனவரி 1 முதல் ஆப் நிறுவனமே கட்டுகிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் அந்த விற்பனையைத் தனியாகக் காட்டுங்கள். தெரியாமல் இரண்டாம் முறை கட்டுகிறவர்கள் உண்டு.

பொரிக்கும் எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. பெரிய கடைகளில் மட்டும் எப்படி ஒரே நிறம், ஒரே ருசி?

அவர்கள் எண்ணெயைக் கவனிக்கும் ஒழுங்குதான் காரணம். எண்ணெயின் சூட்டை 175 முதல் 180 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் 130-க்கு இறக்கிவிடுங்கள். எண்ணெயைக் கெடுப்பவை மூன்று: உதிர்ந்த மாவுத் துகள், ஈரம், உப்பு. துகளை அவ்வப்போது அரித்தெடுத்து, இரவில் எண்ணெயை வடிகட்டுங்கள். உறைந்த துண்டுகளில் ஒட்டியிருக்கும் பனித்தூளை உதறிவிட்டுப் போடுங்கள். கூடையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் சூடு சட்டென்று இறங்கி, பண்டம் எண்ணெய் குடிக்கும். பொரித்ததை வேறு தட்டில் எடுத்துவைத்து உப்புத் தூவுங்கள்.

மொத்த முனைவுச் சேர்மங்கள் (எண்ணெய் சூடாகிக் கெடும்போது அதில் சேரும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

மெனுவில் கலோரி எழுத வேண்டுமா?

ஒற்றைக் கடைக்கு, FSSAI உணவு உரிமங்களில் மாநில உரிமம்தான் என்றால் வேண்டாம். மத்திய உரிமம் உள்ளவர்களுக்கும் 10 இடங்கள் அல்லது அதற்கு மேல் கடை வைத்திருப்பவர்களுக்கும் 2022 ஜூலை 1 முதல் கட்டாயம்.

பெரிய பிராண்டுகள் கிளைமேல் கிளை திறக்கிறார்களே, நானும் இரண்டாவது கடை போடலாமா?

கிளை எண்ணிக்கை கூடுவதால் மட்டும் தொழில் வளர்ந்துவிடாது. ஓராண்டு தாண்டிய கடையின் விற்பனை போன ஆண்டைவிடக் கூடியதா என்று பாருங்கள். விலை ஏற்றியதால் கூடியதைக் கழித்துவிட்டு பில் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் இரண்டாவது கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கூடினாலும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: ஆப்பில் இரண்டு கடைகளின் டெலிவரி எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பழைய வாடிக்கையாளரையே இரண்டு வாடகை கொடுத்துப் பங்குபோட்டுக்கொள்வீர்கள்.