மூன்றாவது அறை யாருடையது?

கேள்வி: நான் கோலாலம்பூர், செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில், மூன்று அறைகள் கொண்ட வீட்டில் வசிக்கிறேன். வயது 44. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றிலும் மகன் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டிலும் படிக்கிறார்கள். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்பாவும் எங்களோடு இருக்கிறார். வயது 72, இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா காலமாகிவிட்டார். சென்ற ஆண்டு, 2020இல், கோவிட் பரவலால் பி.கே.பி. என்ற நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தபோது, அப்பா படுத்திருந்த சிறிய அறையை என் அலுவலகமாக மாற்றிக்கொண்டேன். இடையில் ஜூன் முதல் அக்டோபர் வரை அலுவலகம் போய்வந்தேன். பிறகு மீண்டும் வீடுதான். இந்த ஆண்டு, 2021 ஜூனில், முழு முடக்கம் தொடங்கியதிலிருந்து திங்களுக்கும் ஞாயிறுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மனைவி எங்கள் படுக்கையறையில் இயங்கலை வகுப்பு நடத்துகிறாள். மகள் பிள்ளைகளின் அறையில், மகன் கூடத்தில். எனக்குத் திங்கள், வியாழன் காலைகளில் மட்டும் இணையக் கூட்டம். மனைவி பன்னிரண்டு மணிக்குமேல் சமைப்பதால் சாப்பாட்டுக்கு ஒன்றரை ஆகிவிடுகிறது. பிள்ளைகள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள், மனைவி எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறாள். ஓட்டாத வண்டிக்கு இரண்டு முறை பேட்டரி மாற்றிவிட்டேன். அப்பாவால் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை. பசியாறிவிட்டு ஏழு மணிக்கே கீழே இறங்கி, மரத்தடியில் நிற்கும் எங்கள் வண்டியில் உட்கார்ந்துகொள்வார். சாப்பிடக் கூப்பிட்டால்தான் மேலே வருவார். வீட்டில் அமைதி திரும்ப எங்களுக்கு ஓர் அட்டவணை சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அட்டவணை போடுவதற்கு முன், உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நாம் இருவரும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மனைவிக்குப் படுக்கையறை, மகளுக்கு ஓர் அறை, மகனுக்குக் கூடம், உங்களுக்குச் சிறிய அறை என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தை எழுதிவிட்டு, ஐந்தாவது மனிதருக்கு வண்டியை எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் சண்டைக்கும் மனைவியின் கோபத்துக்கும் வரிவரியாக இடம் கொடுத்த உங்கள் கடிதத்தில், எழுபத்திரண்டு வயதுடைய ஒருவர் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைத்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி, பாராட்டைப் போல வந்து போகிறது.

இந்தப் பதினாறு மாதங்களில் வீட்டுக்குள் அடைபட்ட குடும்பங்களிலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம். கைப்பேசிக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதும், சமையலறையை விட்டு வெளியே வர முடியாத மனைவி வெடிப்பதும், எல்லா நாளும் ஒரே நாளாகக் குழம்பிப்போவதும் எனக்குப் பழகிவிட்டன. அவற்றுக்கு ஆறுதல் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது “அப்பாவால் மட்டும் ஒரு தொந்தரவும் இல்லை” என்ற வரிதான்.

அவர் ஏன் கீழே போகிறார் என்று நீங்கள் ஒரு நாளாவது கேட்டதாக எழுதவில்லை. கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, அது இரண்டு வாரங்களுக்குத்தான் என்று நாடே நம்பியது. அந்த நேரத்தில் அவர் தம் அறையை விட்டுக் கொடுத்தார். அதில் உங்கள் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் ஜூன் 10ஆம் தேதி மீட்சிநிலைக் கட்டம் தொடங்கி நீங்கள் அலுவலகத்துக்குத் திரும்பினீர்கள். அக்டோபரில் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் மீண்டும் கட்டுப்பாடு வரும்வரை, ஏறத்தாழ நான்கு மாதங்கள், அந்த அறையில் உங்கள் மேசையும் நாற்காலியும் மட்டும் குடியிருந்தன. அப்பா அப்போது எங்கே படுத்தார்? கூடத்தில்தான் படுத்திருப்பார். பகலில் ஆள் இல்லாத ஓர் அறையை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால், இந்தக் குற்றத்தைக் கோவிட் மேல் சுமத்த முடியாது.

கூடத்தில் படுக்கிறவர், பேரனுக்கு வகுப்பு தொடங்குவதற்கு முன் பாயைச் சுருட்டிவிட வேண்டும். அதன் பிறகு அந்த வீட்டில் அவர் உட்காருவதற்கு எந்த இடமும் இல்லை. இருமினால் பேரனின் வகுப்பில் கேட்கும். படுக்கையறைப் பக்கம் நடந்தால் மருமகளின் ஒளிக்காட்சியில் தெரியும். சமையலறையில் நின்றால் எத்தனை நேரம் நிற்பது? அந்த வயதுடைய செந்தூல்காரர்களை நான் நன்கு அறிவேன். விடிந்ததும் கோயிலுக்கு ஒரு நடை, பிறகு கடையில் ஒரு தேநீர், பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களோடு நாளிதழைப் பங்கு போட்டுப் படிப்பது என்று அவர்களுக்குக் காலைப் பொழுது வெளியில்தான் கழியும். இந்த 2021 முடக்கத்தில் கோயிலுக்கு முன்போல் போய்வர முடியாது, கடையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை, பொருள் வாங்க வீட்டுக்கு இருவர் என்றால் அந்த இருவராக நீங்களும் உங்கள் மனைவியுமே போவீர்கள். வெளியே இருந்த இடங்களை அரசாங்கம் மூடியது. உள்ளே இருந்த ஒரே இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மிஞ்சியது வண்டி.

பேட்டரி இரண்டு முறை தீர்ந்த கதையையும் எழுதியிருக்கிறீர்கள். ஓடாமல் நிற்கும் வண்டியின் பேட்டரி தானாகவே வலுவிழக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒருவர் நாள்தோறும் அந்த வண்டியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வானொலி கேட்டாலும் அது தீரும். மின்னல் பண்பலையில் பழைய பாட்டு ஒலிக்கும்போது அதை மேலே, கூடத்தில் வைத்துக் கேட்க அவருக்கு வழி இல்லை. இரண்டாவது பேட்டரிக்குப் பணம் கொடுத்தபோதாவது உங்களுக்கு இந்த எண்ணம் வந்திருக்க வேண்டாமா?

மரத்தடியில் நிற்கிறது என்று நீங்கள் அமைதி கொள்வதால், உடல்நிலையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். ஏழு மணிக்கு இருக்கும் நிழல் பத்து மணிக்கு அங்கே இருக்காது. வெளியே 33 பாகை வெப்பம் இருக்கும்போது, வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 50 பாகையை நெருங்கிவிடும். கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி வைப்பதால் அது பெரிதாகக் குறைவதில்லை. வெயில் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தால், புகைப்போக்கியில் கசிவு இருக்கும் பழைய வண்டியில் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து, உறங்கியவர் எழாமலே போகக்கூடும். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மணிக்கணக்கில் கால்களைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் முதியவர்களுக்குக் கால் வீங்கும், இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. பதினொரு மாடி ஏறி வர வேண்டுமே, மருமகளின் வகுப்பு நேரத்தில் கழிப்பறைக்குக் கதவைத் திறந்து மூட வேண்டுமே என்று அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருப்பார் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். இனிப்புநீருக்கான சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு முன் பசியாறியவர் ஒன்றரை மணிவரை ஒன்றும் உண்ணாமல் இருந்தால், சர்க்கரை அளவு இறங்கி மயங்கி விழலாம். அவர் வண்டிக்குள் மயங்கினால், சாப்பிடக் கூப்பிடும் நேரம்வரை உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுத் தவணையை நான்தானே கட்டுகிறேன், வேலை போனால் அப்பாவுக்கும் அல்லவா சோறு இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். எத்தனையோ பேர் வேலையிழந்து, சன்னலில் வெள்ளைக் கொடி கட்டி அண்டை வீட்டாரிடம் உணவு கேட்கும் இந்த நாள்களில் வேலையைக் காப்பாற்றிக்கொள்வது பெரிய பொறுப்புதான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின்படி, கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய கூட்டம் வாரத்தில் இரண்டு காலைகள் மட்டுமே. அந்த இரண்டு காலைகளுக்காக ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு முதியவரின் அறை பறிபோயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இல்லை, கூட்டமும் இல்லை. அன்றும் அவர் கீழே போகிறாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. திங்களும் ஞாயிறும் ஒன்றாகிவிட்டன என்றீர்கள். அவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று அஞ்சுகிறேன்.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது என்பது சோறு போடுவதும், மாத்திரை வாங்கிக் கொடுப்பதும், தடுப்பூசிக்கு அழைத்துப் போவதும் மட்டுமே என்று நம் தலைமுறை நினைக்கத் தொடங்கியிருப்பதை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. வீட்டில் பெரியவருக்கு ஒரு கட்டில், ஒரு சாமிப் படம், கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை ஆகியவை வேண்டும். மனைவியை இழந்தவருக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். அழ நினைத்தால் எங்கே போய் அழுவார்? தொந்தரவு கொடுக்காத பெரியவரை நல்லவர் என்று மெச்சுவதை நீங்கள் நிறுத்த வேண்டும். ஒரு தகப்பன் பெற்ற மகனுக்குத் தொந்தரவு கொடுக்கத் தயங்குகிறான் என்றால், அந்த வீட்டில் தன்னை விருந்தாளியாக எண்ணத் தொடங்கிவிட்டான் என்று பொருள். அப்படி எண்ண வைத்தவர் நீங்கள். உங்கள் மகனும் மகளும் இதை நாள்தோறும் பார்க்கிறார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்ற ஆண்டு, 2020 மார்ச் இறுதியில், மகளிர் அமைச்சு, வீட்டிலிருந்து வேலை செய்யும் மனைவிமார் முகப்பூச்சு பூசிக்கொண்டு, டோராமோன் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் கணவரிடம் கொஞ்சிப் பேசலாம் என்று அறிவுரை வெளியிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டது. அந்த வகை அறிவுரையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். காலை முழுவதும் பாடம் நடத்திவிட்டு, பன்னிரண்டு மணிக்குமேல் ஐந்து பேருக்குச் சமைக்கிறவர் எரிந்துவிழாமல் என்ன செய்வார்? கூட்டம் இல்லாத நாள்களில் பதினொன்றரைக்கு அரிசியைக் களைந்து உலையேற்ற உங்களால் முடியும். பத்து மணிக்கு அப்பாவுக்கு இரண்டு பிஸ்கட்டும் சர்க்கரை போடாத ஒரு தேநீரும் கொடுப்பதும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும்.

இனி, நாளைக்கு முதல் வேலையாகப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை அந்த வண்டியில் நீங்கள் போய் உட்காருங்கள். அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில், எஞ்சினைப் போடாமல், கைப்பேசியை மேலேயே வைத்துவிட்டு உட்காருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் நீங்களும் பேச வேண்டாம். மேலே வந்ததும் உங்கள் மேசையைப் பிள்ளைகளின் அறைக்கோ படுக்கையறை மூலைக்கோ மாற்றுங்கள். திங்கள், வியாழன் காலைகளில் இரண்டு மணி நேரம் அறை வேண்டுமென்றால் அதை அப்பாவிடம் கேட்டு வாங்குங்கள்; அது அவருடைய அறை என்பதால் கேட்பதுதான் முறை. கட்டிலையும் அவருடைய வானொலியையும் உள்ளே வைக்கும்போது பிள்ளைகள் இருவரும் தூக்க உதவட்டும்.

“வேண்டாம்பா, கீழேதான் எனக்குக் காற்றோட்டமாக இருக்கிறது” என்று அவர் சொல்வார். அந்த வயதுடைய தகப்பன்மார் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். உங்களுக்கு வசதியாக இருந்ததால் நீங்களும் அதையே நம்பிவிட்டீர்கள். எனவே முதலில் கட்டிலைப் போட்டுவிட்டு, பிறகு கீழே போய் அவரை அழைத்து வாருங்கள். இந்தச் சனிக்கிழமைக்குள் இது முடிந்திருக்க வேண்டும். அட்டவணை அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் எழுதுங்கள்.