மகள் கன்ட்ரி பாடகியாக வேண்டும் என்கிறாள்: ஷார்லட்டில் இருந்து எழுதிய அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் பாடி அனுப்பிய மூன்று பாட்டையும் ராத்திரி வேலை முடிந்ததும் உட்கார்ந்து கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது. எட்டு வருஷம் கர்நாடக சங்கீத வகுப்புக்கு அனுப்பியது வீண்போகவில்லை, சுருதி எங்கேயும் விலகவில்லை. அவளுக்குப் பாட வருமா என்பதில் உங்களுக்கே சந்தேகம் இல்லை. கணினி அறிவியலுக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசைக்குத் தலைநகர் மாதிரியான நாஷ்வில் போகிறேன் என்கிறாள், அவள் அப்பா இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை, நம் நிறத்துப் பெண்ணை அந்த மேடையில் யார் ஏற்றுக்கொள்வார்கள், கூட இணைத்திருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு இப்போதே பதில்: போடாதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பாடகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிண்டா மார்டெல். உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய லீஸ்வில் என்ற சின்ன ஊரில், தெற்குக் கரோலைனாவில், 1941-இல் பிறந்த கறுப்பினப் பெண். சர்ச்சில் பாடி வளர்ந்தவர். வீட்டில் அப்பாவுக்குக் கன்ட்ரி பாட்டு என்றால் உயிர்.

1969-இல் நாஷ்வில் போய்ப் பாடிப் பதிவு செய்தார். 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற அவருடைய பாட்டு பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 22-ஆம் இடம் வரை ஏறியது. அந்த ஆகஸ்டில் கிராண்ட் ஓலே ஆப்ரி என்ற நாஷ்வில் வானொலிக் கச்சேரியின் மேடையில் பாடினார். அந்த மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். கன்ட்ரி பாடுகிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட மேடை என்றால், நம்மூர்ப் பாடகிக்கு மார்கழியில் மியூசிக் அகாடமி மாதிரி. அப்போது ஆப்ரி ரைமன் அரங்கத்தில் நடந்துகொண்டிருந்தது. 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டியது, இன்றைக்கும் அங்கே சர்ச் மரப் பெஞ்சுகளில்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும். 1970-இல் லிண்டாவின் ஆல்பமும் வந்தது.

அதோடு முடிந்தது. இரண்டாவது ஆல்பம் வரவேயில்லை.

கூட்டத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். அதை அவரே பின்னால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், அதனால் உங்கள் பயம் வெறும் பயம் என்று நான் சமாதானம் சொல்ல மாட்டேன். பில்போர்டு கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் ஒரு கறுப்பினப் பெண் முதலிடம் பிடிக்க 2024 பிப்ரவரி வரை, பாப் பாடகி பியான்சே வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கே அங்கே இடம் குறைவு. 2015-இல் வானொலி ஆலோசகர் ஒருவர் கன்ட்ரி நிலையங்களுக்குச் சொன்ன யோசனையைக் கேளுங்கள்: பெண்கள் பாடிய பாட்டை அடுத்தடுத்துப் போடாதீர்கள், சாலட்டில் கீரை ஆண் பாடகர்கள், பெண்கள் தக்காளித் துண்டுகள். பெரிய சண்டையே நடந்தது. இதையெல்லாம் மகளிடம் மறைக்க வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தும் இருக்கும்.

ஆனால் லிண்டா மேடையை விட்டு இறங்கியதற்கு அவர் சொன்ன காரணம் கூட்டத்தின் ஏச்சு மட்டும் இல்லை. அவருடைய ரெக்கார்ட் கம்பெனி 1968-இல் இன்னொரு பாடகியின் ஒரே பாட்டில் பெரும் லாபம் பார்த்த கம்பெனி. முதலாளியின் கவனம் அந்தப் பாடகி பக்கமே இருந்தது, லிண்டாவை ஓரமாக வைத்துவிட்டார்கள். சரி, வேறு கம்பெனியில் பாடலாம் என்று போனபோது, வழக்குப் போடுவோம் என்று மிரட்டி அதையும் தடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் பாட வைக்க மாட்டார்கள், அடுத்தவரிடம் போகவும் விட மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்துக்கு அவ்வளவு பலம்.

அப்புறம் பல ஊர்களில் சின்னச் சின்ன இடங்களில் பாடினார். கடைசியில் சொந்த ஊருக்குத் திரும்பிப் பள்ளிப் பேருந்து ஓட்டினார், பள்ளியில் குழந்தைகளோடு வேலை பார்த்தார். கௌரவமான வாழ்க்கைதான் அது. ஆனால் அந்தக் குரலுக்கு ஐந்து ஆல்பமாவது வந்திருக்க வேண்டும். 2024-இல் பியான்சே தன் ஆல்பத்தில் அவரைப் பேச வைத்தபோதுதான் உலகம் யார் இவர் என்று தேடியது. அமெரிக்க இசைத்துறையின் பெரிய விருதான கிராமிக்கு லிண்டாவின் பெயர் முதல் தடவை பரிந்துரையானபோது அவருக்கு வயது 83.

இப்போது உங்கள் கையில் இருக்கும் காகிதத்துக்கு வருவோம். இன்ஸ்டாகிராமில் மகளைப் பார்த்துத் தேடி வந்ததாகச் சொல்லும் அந்த நிறுவனம், 'கலைஞர் மேம்பாட்டுக் கட்டணம்' என்று 4,000 டாலர் கேட்கிறது. இது ஒன்றே போதும், விலகிக்கொள்ளலாம். நல்ல ரெக்கார்ட் கம்பெனியும், பாட்டின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டுப் பதிப்பகமும் கலைஞரிடம் பணம் கேட்பதில்லை, அவர்கள்தான் முன்பணம் கொடுப்பார்கள். ஏழாவது பிரிவைப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு வேறு யாருக்கும் பாடக் கூடாது. ஆனால் அவர்கள் இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை பாட்டை வெளியிடுவார்கள் என்று எந்த இடத்திலும் எழுதவில்லை. லிண்டா மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஒன்பதாவது பிரிவில், இந்தக் காலத்தில் அவள் எழுதும் பாட்டுகளின் உரிமை 'அண்டம் முழுவதும், என்றென்றைக்கும்' அவர்களுக்கு என்று இருக்கிறது. அண்டம் என்ற சொல்லைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரலாம், இந்தத் தொழிலில் அது வழக்கமாகப் போடும் வாசகம். மகளுக்கு இன்னும் 18 ஆகவில்லை. அதனால்தான் உங்கள் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள். இனி எந்தக் காகிதம் வந்தாலும், இசைத்துறை ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவருக்குக் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீடு வாங்கிக் கொடுத்த வக்கீல் போதாது.

ஒன்பதாவது பிரிவை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஓடினால் பணம் போவது பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும்தான். பாடியவருக்கு ஒரு சென்ட் கிடையாது. லிண்டாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டை எழுதியவர் ரிச்சர்ட் லூயிஸ் ஸ்பென்சர் என்ற ஆர்.அண்ட்.பி. (ரிதம் அண்ட் புளூஸ்) இசைக்கலைஞர். அவருடைய குழு அதே 1969-இல் அதை முதலில் பாடி வெளியிட்டது, அவருக்கு அதற்குக் கிராமியும் கிடைத்தது. லிண்டா குரல் கொடுத்தார், எழுத்து அவருடையது இல்லை. ஆகவே வானொலி எத்தனை தடவை போட்டிருந்தாலும் அந்தப் பங்கு அவருக்கு வந்திருக்காது. இணைய வானொலியிலும் செயற்கைக்கோள் வானொலியிலும் இன்றைக்குப் பாடகருக்கும் பங்கு உண்டு, அது வேறு கணக்கு. இசைத்தட்டு, டவுன்லோட் என்று விற்றால், விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் பாட்டு ஒன்றுக்குச் சட்டப்படி ஒரு தொகை எழுதியவர் தரப்புக்குப் போகும். 2006-லிருந்து 2022 வரை 9.1 சென்ட்டிலேயே நின்றது, 2025-இல் 12.7 சென்ட் ஆனது. சின்னக் காசுதான். ஆனால் பாட்டு உங்களுடையது என்றால் அதை வேறு யார் பாடினாலும் வரும் காசு.

அதனால் என் யோசனை இது. அவள் நாஷ்வில் போகட்டும், பாட்டு எழுதுகிறவளாகப் போகட்டும். அதுவும் ஒரு டிகிரியோடு.

நாஷ்விலிலேயே பெல்மாண்ட் பல்கலைக்கழகத்தில் இசை வணிகப் படிப்பு இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம், செலவு அதிகம். கன்ட்ரி பாடகி த்ரிஷா இயர்வுட் அங்கே இசை வணிகம் படித்தவர்தான். பாடகியாகப் பேர் வாங்குவதற்கு முன்னால் ரெக்கார்ட் கம்பெனியில் வரவேற்பாளராகவும், மற்றவர்களின் பாட்டுக்கு மாதிரிப் பதிவு பாடுகிறவராகவும் வேலை பார்த்தார். பக்கத்து ஊரான மர்ஃப்ரீஸ்பரோவில் மிடில் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம். அது அரசுப் பல்கலைக்கழகம், ஒலிப்பதிவுத் தொழிலுக்கென்றே பெரிய துறை வைத்திருக்கிறார்கள். வெளிமாநிலக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை என்ன என்று இரண்டு இடத்துக்கும் நேராக எழுதிக் கேளுங்கள். கணினி அறிவியலை விட மனசு வரவில்லை என்றால், அதையே அந்த ஊரில் படிக்கலாம். ராயல்டி (உரிமைத்தொகை) கணக்கு, பாட்டுத் தரவு, ஒலிப்பதிவு மென்பொருள் என்று அந்தத் தொழிலுக்குள்ளேயே புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. அவள் அப்பாவுக்கு இந்த வழி பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஊரில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் உங்கள் கலக்கம் பாதி குறையும். காலையில் ஒரு சின்ன அறையில் இரண்டு மூன்று பேர் கிட்டாரோடு உட்கார்ந்து சேர்ந்து எழுதுவார்கள், மதியத்துக்குள் ஒரு பாட்டு. எழுந்து போவதற்கு முன்னால் ஒரு தாளில் யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள். வெட்கப்பட்டு அதை விட்டவர்கள் பின்னால் நண்பர்களை இழந்திருக்கிறார்கள். சாயங்காலம் திறந்த மேடைகள். 1982-லிருந்து நடக்கும் புளூபேர்ட் கஃபே, கடைத்தெரு மாதிரி ஒரு வரிசைக் கட்டடத்துக்குள் இருக்கிறது. சுமார் 90 பேர்தான் உட்காரலாம். நடுவில் வட்டமாக உட்கார்ந்து எழுதியவர்களே பாடுவார்கள், கேட்கிறவர்கள் பேசினால் சும்மா இருக்கச் சொல்லிவிடுவார்கள். அங்கே திங்கட்கிழமைத் திறந்த மேடைக்கு மகளை ஒரு தடவை அழைத்துக்கொண்டு போங்கள். தன்னைப் போல எத்தனை பேர் அந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அவளும் பார்க்க வேண்டும்.

எத்தனை வருஷம் பொறுப்பது என்று கேட்டிருந்தீர்கள். கே.டி. ஆஸ்லின் என்ற கன்ட்ரி பாடகி நியூயார்க்கில் விளம்பரப் பாட்டுப் பாடிக் காலம் தள்ளினார். அவருடைய முதல் ஆல்பம் 1987-இல் வந்தபோது வயது 45. மறு வருஷமே கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருது. எல்லோருக்கும் இப்படி நடக்காது, ஆனால் 22 வயதில் நடக்கவில்லை என்றால் கதவு சாத்திவிட்டது என்றும் இல்லை. டிகிரி முடித்து மூன்று வருஷம், கையில் ஒரு சம்பள வேலையோடு, என்று இப்போதைக்கு வீட்டில் பேசி வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது பாட்டு அவளே எழுதியது என்று நினைக்கிறேன். ஜனவரிக் காலையில் இருட்டு விலகுவதற்கு முன்னால் அப்பா கையுறை இல்லாமல் கார் கண்ணாடியில் உறைபனி சுரண்டுகிறார், அவள் உள்ளே உட்கார்ந்து ஹீட்டரில் கையைச் சூடாக்கிக்கொண்டு பார்க்கிறாள். கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. லிண்டாவைத் தூக்கிவிட்ட அந்தப் பாட்டும் குடும்பத்துக்காக உழைக்கும் ஓர் அப்பாவைப் பற்றிப் பிள்ளை சொல்வதுதான். இதை நாளைக்கே அவள் பெயரில் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இணையத்திலேயே முடியும், ஒருவரே எழுதிய ஒரு பாட்டுக்குக் கட்டணம் 45 டாலர்.

உங்கள் கணவர் அந்தப் பாட்டை இன்னும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அவரை உட்கார வைத்து, செல்போனில் போடாமல், அவளையே பாடச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.