பிரா டோர் ஏரிப் பயணம்: பாடெக்கிலேயே தங்குங்கள்

அம்மாவோடு 2 நாள் கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்குப் போகிறேன், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களின் கேலிக் மரபும் மிக்மா பழங்குடி மரபும் பார்க்க வேண்டும், தங்க பாடெக்கா, அதே தீவிலுள்ள சிட்னியா என்று கேட்டிருந்தீர்கள். பாடெக்தான், பிரா டோர் ஏரி கண்ணெதிரே இருக்கும்.

முதல் நாள் அயோனா ஊரின் ஹைலேண்ட் வில்லேஜ் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம். நனைத்த கம்பளித் துணியை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கேலிக் பாட்டின் தாளத்துக்கு அடித்து அடித்து அடுத்தவர் கைக்குத் தள்ளுவார்கள். இடம் கிடைத்தால் அம்மாவையும் உட்கார வையுங்கள், பார்ப்பதைவிட அதுதான் சுகம். குன்றுச் சரிவு, நிதானமாக நடங்கள்.

மறுநாள் பாரா நீரிணைப் பாலம் தாண்டி எஸ்கசோனி என்னும் மிக்மா ஊர். அங்குள்ள கோட் தீவில் மிக்மா மக்களே வழிகாட்டிகள்: கூடை பின்னல், லுஸ்கினிகன் ரொட்டி, மரக்கிண்ணத்தைத் தட்டி ஆடும் வால்டெஸ் விளையாட்டு. முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள். குளிர்காலம் வேண்டாம், ஜூலை, ஆகஸ்ட் நல்லது.