பச்சை எல்இடி ஏன் புள்ளிப் புள்ளியாய் எரிகிறது?

கேள்வி: சீசியம் லெட் புரோமைடு என்ற பெரோவ்ஸ்கைட் வகைப் படிகப் பொருளில் பச்சை எல்இடி செய்து பார்க்கிறோம். புற ஊதா விளக்கின்கீழ் படலம் பளிச்சென்று ஒளிர்கிறது. மின்சாரம் கொடுத்தால் அங்கங்கே புள்ளிதான். திறன் (செலுத்தும் எலெக்ட்ரான்களில் ஒளித்துகளாக வெளிவரும் பங்கு) 1 சதவீதம்கூட வரவில்லை. எதை முதலில் மாற்றுவது?
முதுகலை மாணவி, பினாங்கு

பதில்: எதையும் மாற்றுமுன் 1.5 வோல்ட்டில் மின்னோட்டத்தைப் பாருங்கள். இந்தப் பொருள் ஒளிர ஏறக்குறைய 2.3 வோல்ட் வேண்டும். அதற்கு முன்பே மின்னோட்டம் தாராளமாக ஓடினால் படலத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். சீசியம் லெட் புரோமைடு தீவு தீவாக வளரும். இடைவெளிகளில் மேலடுக்கு நேரே பெடாட்டை (படலத்தின் கீழிருக்கும், மின்சாரம் கடத்தும் பாலிமர் அடுக்கு) தொட, மின்சாரம் ஒளி தராமல் அந்தக் குறுக்கு வழியில் போய்விடும். புற ஊதா விளக்குக்கு மின்னோட்டம் தேவையில்லை, அதனால்தான் அது உங்களை ஏமாற்றுகிறது.

ஓட்டையை அடைக்க, 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் லெட் புரோமைடு 73, சீசியம் புரோமைடு 47, பெனிதைல் அம்மோனியம் புரோமைடு 16 மில்லிகிராம் போட்டு, 60 டிகிரியில் கரையும்வரை கலக்கி வடிகட்டுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுழற்றி ஒரு நிமிடம் பூசி, 80 டிகிரியில் 10 நிமிடம் வாட்டுங்கள். அணு எண்ணிக்கையில் சீசியம் ஈயத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பது வேண்டுமென்றேதான்: புரோமைடு குறைந்தால் உலோக ஈயம் தலைகாட்டி ஒளியை விழுங்கும். அதற்காக அள்ளிப் போடவும் கூடாது, மின்சாரம் கடத்தாத வேறொரு படிகம் முளைக்கும். மூன்றாவது உப்பு படிகக் குருணைகளைச் சிறிதாக்கி இடைவெளியை அடைக்கும். மிஞ்சினால் நிறம் நீலத்தின் பக்கம் சாயும். கையுறை கட்டாயம், டிஎம்எஸ்ஓ ஈயத்தைத் தோலுக்குள் இழுத்துச் செல்லும்.

பெடாட்டை 150 டிகிரியில் வாட்டியபின் ஆறட்டும் என்று மேசையில் விடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் அது உடனே ஈரம் குடிக்கும். ஈரக்காற்று புகாத கிளவ் பாக்ஸுக்குள் 120 டிகிரியில் இன்னொரு ஐந்து நிமிடம் வாட்டுங்கள்.

கேள்வி: வோல்ட்டேஜ் ஏற்றினால் வெளிச்சம் கூடுகிறது, திறன் சரிகிறதே?
வாசகர், கோலாலம்பூர்

பதில்: சில மைக்ரோவினாடித் துடிப்புகளாக மின்சாரம் கொடுங்கள். திறன் மீண்டால் குற்றவாளி சூடு. மீளாவிட்டால் எலெக்ட்ரானும் ஹோலும் (எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடம், அதனோடு சேர்ந்தால்தான் ஒளி) சமமாக வந்து சேரவில்லை, அல்லது குருணைக்குள் நெரிசல் அதிகமாகி ஆற்றல் ஒளியாகாமல் சிதறுகிறது. குருணை மிகச் சிறிதானால் இந்த நெரிசல் கூடும். மேலே சொன்ன உப்பு திறனுக்கு நல்லது, உச்ச வெளிச்சத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. 2022இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தார் பென்சைல்பாஸ்போனிக் அமிலத்தைக் கொண்டு படலத்திலேயே குருணைகளைப் பிளந்து, ஒவ்வொன்றுக்கும் உறை போர்த்தினார்கள். திறன் 28.9 சதவீதம், வெளிச்சம் சதுர மீட்டருக்குச் சுமார் 4.7 லட்சம் கேண்டேலா. உங்கள் எல்இடியில் முதலில் டிபிபிஐ அடுக்கை (எலெக்ட்ரான்களைக் கொண்டு வரும் மேலடுக்கு) 40 நானோமீட்டரிலிருந்து ஐந்தைந்தாகக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.